நடை இல்லாத வீடு

"வாசக் கதவைத் திறந்தா நேரா ரூமு! நடுவுல ஒரு நடைகூட இல்ல. செருப்பை எங்க விடுறது? தெருவுல போறவன்லாம் நம்ம தட்டை எட்டிப் பார்ப்பான்," என்று மூக்கால் அழுதாள் மருமகள்.

"பழைய வரிசை வீடு அப்படித்தான். முன் ரூம் அப்பாவுக்கு. இரு, அளந்து பார்ப்போம்," என்றான் மகன்.

பெரியவருக்கு உச்சி குளிர்ந்தது. இப்போதைய வீட்டில் கடைக்கோடி அறையில் கிடக்கிறார். இங்கே படுத்தபடியே தெருவைப் பார்க்கலாம். தானே முன்வந்து டேப்பின் நுனியைக் கதவருகே பிடித்துக்கொண்டார்.

மறுபக்கம் கட்டில் போடும் மூலையில் மகனிடம் மருமகள் கிசுகிசுத்தாள்: "அவருக்காக இந்த வீடா?"

"மறந்துட்டியா? அம்மா போனப்ப நம்ம வீட்டு நடையில உடம்பைத் திருப்ப முடியாம, நிமித்தி நிக்கவச்சுல்ல வெளிய கொண்டாந்தோம்? இங்க கட்டில்லேர்ந்து கதவுக்கு நேரா ஒன்பதடி. அதைத் தாண்டினா வண்டி."

காலி அறையில் கிசுகிசுப்பும் கதவு வரை கணீரென்று கேட்டது.

மருமகள் முகம் மலர்ந்தது. "அப்ப வாங்கிடலாம். அவருக்கப்புறம் இந்த மூலையில சோபா போட்டுக்கலாம்."

மகன் டேப்பை இழுத்துப் பிடித்து, கதவுப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டான்.

"என்னப்பா, கை இப்படி நடுங்குது? ஆடாமப் பிடிங்க, அளவு தப்பிடும்!"