பள்ளிக்கூடத்துக் கூண்டு

மறுபடியும் புயல் கூண்டு ஏறியிருந்தது. வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்த இஞ்ஞாசி அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான்.

"ஏலே, பயப்படாத. அது பிளாரன்ஸ் டீச்சர் பிள்ளைகளோட வெளையாட்டு. நீ போ" என்றார் அவன் அப்பா அம்புரோஸ்.

கரையிலிருந்து பார்த்தால் நிஜக் கூண்டு ஏற்றும் துறைமுகத்துக் கம்பமும் பள்ளிக்கூடக் கொடிக்கம்பமும் கூரைகளுக்கு மேலே ஒட்டினாற்போலத்தான் தெரியும். போன வாரம் பிள்ளைகள் ஈர்க்குச்சிகளைக் கட்டிக் கரித்துணி சுற்றி ஏற்றிய பொய்க்கூண்டை நம்பி ஏழு வள்ளங்கள் பாதியில் திரும்பின. அம்புரோசுக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இஞ்ஞாசி பாய் விரித்துப் போனான். அவனைப் பார்த்துத் தைரியம் வந்து, பின்னாலேயே நாலு வள்ளங்கள் போயின. காற்று ஒருமாதிரி விட்டுவிட்டு அடித்தது. டிரான்சிஸ்டரில் வானிலைச் செய்தி கேட்கலாம் என்றால், இன்றைக்கென்று பார்த்து பேட்டரி தீர்ந்து கிடந்தது.

அம்புரோஸ் நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும். முற்றத்துக் கொடிக்கம்பத்தில் கயிறு சடசடவென்று அடித்துக்கொண்டது. இருந்த கோபத்தில் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டீச்சர், எம் மவள படிக்கத்தான் அனுப்புதேன். ஆட்டம் போட இல்ல. இன்னையோட இத நிறுத்துங்க. இல்லன்னா பிலோமிய இப்பவே கூட்டிட்டுப் போயிருவேன்."

பிளாரன்ஸ் டீச்சர் எழுந்து நின்றார். "அண்ணாச்சி, ரெண்டு வருசமா ஒண்ணு ரெண்டு சொல்லத் தெரியாம அழுத பிள்ள. ஒண்ணாம் நம்பர் கூண்டு, ரெண்டாம் நம்பர் கூண்டுன்னு வெளையாடித்தான் நம்பரெல்லாம் படிச்சா. பாடத்தோட வெளையாட்டும் வேணும் அண்ணாச்சி. நிறுத்தச் சொல்லாதீங்க."

"அதுக்காக ஊரு பட்டினி கெடக்கணுமாக்கும்? இன்னைக்கும் ஏத்திட்டீங்களே. எம் மவனே மெரண்டு நின்னுட்டான். நாந்தான் அதட்டி அனுப்பிட்டு வாரேன்."

டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னல் கதவு காற்றில் படாரென்று அறைந்தது.

பிலோமி பெஞ்சுக்கு அடியில் குனிந்து, கறுப்பாக எதையோ வெளியே இழுத்தாள். அதை இரண்டு கையாலும் தூக்கி அப்பாவிடம் காட்டினாள்.

"எங்க கூண்டு இங்கனதான இருக்கு, அப்பா."