அவிழாத ஷூக்கயிறு

பூங்காவில் நடந்துகொண்டிருந்த வேதமூர்த்தி மறுபடியும் நின்று, குனிந்து, வலது ஷூவின் கயிற்றைப் பிடித்தார்.

"திரும்பவும் அவிழ்ந்துட்டியா? வெட்கமா இல்லை?" என்று இடது ஷூ கேலி செய்தது.

"நான் அவிழவே இல்லை, அண்ணே," என்றது வலது ஷூ. "இவருக்கு மூச்சு வாங்கறதை மறைக்கத்தான் இந்த வேஷம். முன்னெல்லாம் மேட்டில்தான் குனிவார். இப்போ சமதரையிலேயே குனியறார்."

"நடந்தா யாருக்கும் மூச்சு வாங்கும், போடா."

"நின்ன பிறகும் அடங்கலையே!"

இடது ஷூ திடுக்கிட்டது.

முன்னால் போன நண்பர் திரும்பி, "என்னய்யா ஆச்சு?" என்றார்.

"ஷூக்கயிறு... நீ நடய்யா, வந்துடறேன்," என்றார் வேதமூர்த்தி.

"பொய்! போகாதீங்க!" என்று இரண்டு ஷூக்களும் கத்தின. நண்பர் கையை வீசிக்கொண்டு நடந்தார்.

வேதமூர்த்தி அப்படியே சரிந்தார். அவர் கையோடு கயிறும் வந்தது.

அன்றுதான் அந்த முடிச்சு முதல் தடவையாக அவிழ்ந்தது.