காந்தப் பை

“மொதல்ல காப்பிய குடிங்க சம்பந்தி, நாளைக்கு காலைலதான ஆபரேஷன்” என்று தன் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள் தங்கம்மாள்.

கல்யாணம் முடிந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவள். மருமகள் படுக்கையில் கிடந்தால் பகையாளிக்கும் மனசு இளகும்போல என்று நினைத்துக்கொண்டு டம்ளரை வாங்கினார் சடையப்பன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரித் தாழ்வாரம். தங்கம்மாளின் அண்ணன் பொன்னுரங்கம், காடாம்புலியூரிலிருந்து வந்த அவர்கள் பக்கத்துச் சொந்தங்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை பாலகுமார் சுவரில் சாய்ந்து நின்றார். பெண்கள் வார்டுக்குள் சடையப்பனின் மகள் இளமதி. புற்றுநோய்க்காக எடுத்த இடது மார்புக்குப் பதிலாக நாளை புதிது வைக்கிறார்கள்.

“எப்டி வெக்கிறாங்களாம்?”

“தோலுக்கு அடியில ஒரு பை வெச்சு, அப்பப்ப ஊசியால உப்புத்தண்ணி ஏத்துவாங்களாம். எங்க குத்தணும்னு தெரியறதுக்கு அதுல ஒரு காந்தம் இருக்குமாம்” என்றாள் தங்கம்மாள். “நெஞ்சுல மிஷின் வெச்சவங்களுக்கு மட்டும் அது ஆவாதாம். உசுருக்கே ஆபத்தாம். நல்லவேள, நம்ம வூட்ல அப்டி யாரும் இல்ல.”

சடையப்பன் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

இளமதியின் இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வைத்தது. கட்டி அறுத்த தழும்பு என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார். மூச்சு விடக் கூடாதென்று மகளிடம் சத்தியமும் வாங்கியிருந்தார். மார்பை எடுத்த ஆபரேஷனைக்கூட, விஷயம் தெரிந்த பாண்டிச்சேரி டாக்டரிடமே வைத்துக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்தார். இந்த முறைதான் மாப்பிள்ளை முந்திக்கொண்டு இங்கே சேர்த்துவிட்டார். சடையப்பன் மகள் சத்தியம் தவறமாட்டாள், இங்கே டாக்டரிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்ற பெருமையே இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது.

வாயைத் திறக்கவும் வழியில்லை. சுனாமிக்கு அடுத்த தையில், நிச்சயதார்த்தத் தட்டு மாற்ற எழுந்த தங்கம்மாளை ஊர் பார்க்க உட்கார வைத்தவர் அவர். “ஒரு பக்கம் அறுத்த ஒடம்பு தட்டத் தொடக் கூடாது. எங்க வம்சத்துல ஊனமே கெடையாது” என்றார். தங்கம்மாளுக்கும் இதே நோய், இதே கத்தி. அன்று அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “இளமதி கூட வந்தவங்க யாருங்க? வயித்துல கோடு போட்டாச்சு, தண்ணி ஊத்தி அழிச்சுடப் போறாங்க, சொல்லி வைங்க.”

அதெல்லாம் சடையப்பன் காதில் ஏறவில்லை.

“மாப்பிள்ள, அந்தப் பை வேணாம்னு சொல்லிடுங்க.”

“ஏன் மாமா?”

“வேணாம்னா வேணாம்.”

“காரணம் சொல்லாம எப்டி மாமா நிறுத்தச் சொல்றது?”

பொன்னுரங்கம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் மொதலாளி சொல்றாரு, டாக்டரு கைகட்டிக் கேக்க வேணாமா?”

சடையப்பன் எழுந்தார். “எம்பொண்ணு நெஞ்சுல மிஷின் இருக்கு” என்றார் தரையைப் பார்த்து.

“சத்தமா சொல்லுங்க சம்பந்தி” என்றாள் தங்கம்மாள். “கடைசியில ஒக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கல.”

“மிஷின் இருக்கு! கல்யாணத்துக்கு முன்னாடியே வெச்சது. மறைச்சுதான் கட்டிக் குடுத்தேன். ஊனத்த வெச்சிக்கிட்டுதான் அன்னைக்கு ஒங்கள அப்டிப் பேசினேன். எம்பொண்ணக் காப்பாத்துங்க, சம்பந்தியம்மா!”

யாருக்கும் குனியாத தலை குனிந்தது. யாருக்கும் கூப்பாத கை கூப்பியது. தோளில் இருந்த துண்டு நழுவி விழுந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

வரிசையில் ஒருவர்கூட அதிர்ச்சி அடையவில்லை.

“ஒக்காருங்க. பையும் இல்ல, காந்தமும் இல்ல. மிஷினுக்கு ஆவாதுன்னுதான் வயித்துச் சதைய எடுத்து வெக்கிறாங்க” என்றாள் தங்கம்மாள், அவர் கூப்பிய கைகளுக்குள் இருந்த டம்ளரை வாங்கிக்கொண்டே.

“அப்போ... ஒங்களுக்கு...?”

“தட்டு மாத்துன அன்னைக்கு சாயந்திரமே இளமதி எங்கிட்ட சொல்லிட்டா, சம்பந்தி.”