இரண்டு முறை வந்த வரி

"இங்க பாரு, ஒரே வரி ரெண்டு தடவ வந்திருக்கு," என்று புத்தகத்தைக் காட்டினார் சங்கரலிங்கம்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தெய்வானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மனசுக்கு மருந்துன்னு டாக்டர் குடுத்த புத்தகம். அதுலயும் புரூப் பாக்கீகளா?"

"கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குதே. மனநல மையத்துக்குச் சொல்லி விட்டிருக்கேன், திருத்திருவாக."

காலமெல்லாம் அச்சகத்தில் புரூப் பார்த்து அச்சுப்பிழை திருத்திய கண் அது. ஒவ்வோர் எழுத்திலும் நின்று நகரும். பொருள் உள்ளே இறங்காது. படிப்பவரின் கண்ணையே கவனித்துக்கொண்டிருக்கும் அந்த மின்புத்தகத்துக்கு இது தெரியவில்லை. இவரைப் போல ஊன்றிப் படித்தவர் வேறு யாரும் இல்லை என்று மனநல மையத்துக்குச் சொல்லிவிட்டது. ஊன்றிப் படித்தால் மனம் தேறியதாக அங்கே கணக்கு; மறுநாளே அவர் தேறிவிட்டதாகச் செய்தி வந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். டாக்டரும் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்.

தெய்வானை மையத்துக்கே போய்ச் சொன்னாள். "அவுக இன்னும் ராத்திரி தூங்குறதே இல்லம்மா. பேச்சும் கொறஞ்சுபோச்சு."

"நாம பொய் சொல்லலாம், புத்தகம் சொல்லாதும்மா," என்றாள் அங்கிருந்த பெண்.

அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

காரியம் முடிந்த பிறகு மையத்திலிருந்து ஒரு புத்தகம் வந்தது. அதே புத்தகம்தான், இந்த முறை தெய்வானையின் பெயருக்கு. பிரித்தாள். கண்ணீரில் எழுத்து கலங்கியது. கவனம் போதவில்லை என்று புத்தகம் முதல் பக்கத்துக்கே திரும்பிக்கொண்டது. அவள் விடாமல் புரட்டி, அவர் காட்டிய பக்கத்தைத் தேடிப் பிடித்தாள்.

அந்த வரி இன்னும் இரண்டு முறை இருந்தது.