முந்திக்கொண்டது

டயாலிசிஸ் நோயாளிகளில் யார் எப்போது இறக்கிறார்கள் என்று ஆராய்ந்துவந்த மருத்துவர் இன்பவல்லி, சில மாதங்களாகச் சிகிச்சைக்கு வராத மீனவர் அந்தோணிராயனைத் தேடி அவர் வீட்டுக்கே போனாள்.

"அவுக போயிட்டாகளே" என்றாள் அவர் மனைவி ஜெசிந்தா.

இன்பவல்லி ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பக்கா?"

"இப்பத்தான், கடற்கரைக்கு. அவுக தங்கச்சி குடுத்த கிட்னிய வேற ஆஸ்பத்திரியில வச்சு மாத்தியாச்சுல்லா! இனி டயாலிசிஸே வேண்டாம்னு அங்க டாக்டர்மாரு சொல்லிட்டாக. உங்க ஆராய்ச்சியில அவுகள எப்படிம்மா எழுதுவீக?"

"சாவுக்கு முந்தி கிட்னி வந்துட்டுதுன்னு எழுதுவேன். டயாலிசிஸ்ல சாவு எப்பங்கிற கேள்வியே இனி அவருக்குக் கிடையாதுக்கா." இன்பவல்லி சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் போனபோது, டயாலிசிஸ் கட்டுப்பாட்டால் பல வருடம் தண்ணீரை அளந்தளந்து குடித்த அந்தோணிராயன், கடற்கரையில் படகு நிழலில் உட்கார்ந்து, நிறைந்த செம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார். அவர் செம்பைக் கீழே வைக்கும்வரை அவள் கூப்பிடவில்லை.