சாமி கும்பிடற நேரம்

"அக்கா, இன்னும் ஒரே ஒரு மணி நேரம்! உன் சாமி அதுவரைக்கும் பொறுத்துக்க மாட்டாரா?"

தம்பி கிட்டத்தட்டக் கெஞ்சினான். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெயின் சுவிட்சை இறக்கினாள். சலவைக்கூடத்தில் அத்தனை மெஷின்களும் அடங்கின.

"சாமி கும்பிடற நேரமாச்சு. எல்லாரும் கிளம்புங்க."

இஸ்திரி போடும் பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பறந்தார்கள்.

துணி எடுக்க வண்டியோடு வந்திருந்த ஓட்டல் மேனேஜர், மடிக்காமல் குவிந்து கிடந்த படுக்கை விரிப்புகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"பெரிய கூட்டமே வந்து இறங்குது மேடம்!"

"காலைல வந்ததும் முதல் வேலை உங்களோடதுதான். கடவுள் காரியம் சார், தப்பா நினைக்காதீங்க."

கடவுள் என்றதும் மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது. "அதுல நாங்க என்ன சொல்ல முடியும்..." என்று முணுமுணுத்தபடி, மடித்த வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனார்.

நாயாக அலைந்து தம்பி பிடித்த ஓட்டல் அது. பக்தி இருக்க வேண்டியதுதான். அதற்காகத் தொழிலையே காவு கொடுப்பதா? இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அக்கா வீட்டுக்கே போய் நின்றான்.

சாமி ரூம் இருட்டாகக் கிடந்தது.

அக்கா கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, மகள் பள்ளிக்கூடச் சண்டை ஒன்றை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஓஹோ! நீ சாமி கும்பிடற லட்சணம் இதுதானா? அப்ப தினமும் சொல்றது பொய்யா?"

"கத்தாதடா. அவ சொல்லி முடிக்கட்டும்."

ஒருவழியாக முடிந்தது. மகள் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் அக்கா கேட்டாள்:

"அம்மா சலவை வேலைக்குப் போன காலத்துல நாம எங்கடா உக்காந்திருப்போம்?"

"...வாசப்படில."

"அம்மா வர்றப்ப?"

இருவரும் அங்கேயே தூங்கிப்போயிருப்பார்கள். அம்மா தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பாளாம். அதுகூட யாரோ சொல்லித்தான் தம்பிக்குத் தெரியும்.

"நம்ம கிட்ட வேலை பாக்கறவங்களுக்கும் வீட்ல புள்ளைங்க இருக்குடா. 'புள்ளைங்க காத்துட்டிருக்கும், நேரத்தோட அனுப்பணும்'னு துணி எடுக்க வர்றவங்ககிட்ட சொல்லிப் பாத்தேன். ஆளாளுக்குப் பேரம் பேசினாங்க. அப்புறம்தான் சாமின்னு சொன்னேன். அன்னிலேருந்து ஒருத்தரும் வாயைத் திறக்கல."

தம்பி அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஆனாலும் கேட்டான்.

"அப்ப நீ சாமியே கும்பிடறதில்லையாக்கா?"

"கும்பிடாம? பாப்பாவைத் தூங்க வச்சிட்டு தினமும் கும்பிடறேன். 'இன்னிக்கும் உன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னு!"