நாலாவது ஃப்யூஸ்

"மறுபடியும் இன்ஜின் லைட் எரியுது பாய்!" டிரைவர் தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மணிக்குள் டாக்சியை எஃப்.சி. தகுதிச் சோதனைக்குக் காட்டியாக வேண்டும். தவறினால் நாளையிலிருந்து வண்டி ஓடாது.

மெக்கானிக் கஃபார் பாய் பானெட்டைத் திறந்தார். "மூணாவது தபாவும் அதே ஃப்யூஸ்தான் போய்கீது. ஆக்சிஜன் சென்சார் ஹீட்டருக்குப் போறது. சென்சாரையே புதுசா மாத்திட்டேனே! இங்கேருந்து கிளம்பசொல்ல இன்னா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல பாய். சாமி கும்பிட்டேன், வண்டிய எடுத்தேன்."

பாய் நாலாவது ஃப்யூஸைச் செருகினார். ஹீட்டர் ஒயரில் டெஸ்ட் விளக்கை வைத்ததும் அது பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் நல்லாத்தானே வருது! அப்புறம் எப்படிப் போவுது?" பாயே தலையைச் சொறிந்தார்.

மணி இரண்டே கால். இனி மனிதர்களை நம்பிப் பயனில்லை. தணிகாசலம் சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் இருந்த முருகனைக் கண்ணீரோடு கும்பிட்டான்.

"முருகா, நீதான்பா கதி!"

போன வாரம் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து தானே ஒயர் இழுத்து முருகனுக்குப் போட்ட குட்டி விளக்கின் சுவிட்சை, வழக்கம்போலத் தட்டினான்.

முருகன் ஒரு கணம் மின்னி இருண்டான். பாய் கையிலிருந்த டெஸ்ட் விளக்கும் அணைந்தது.

"நைனா, இப்ப இன்னா பண்ணே?"

"சாமி கும்பிட்டேன் பாய்!"